ஓட்ட பக்கெட்டு கேம்

ஸ்டீம்ன்ற ஆன்லைன் கேம் கடைல 89 ரூபாய்க்கு ஒரு பிளாட்ஃபார்மர் கேம், அதாவது மேடைக்கு மேடை குதிச்சு போற கேம், வாங்கி இந்த மே மாசம் பூரா அதையே ஆடிகினு இருந்தேன். எழுதியே ஆகணும்னு இருக்கு, ஏன்னா இவ்ளோ ஓட்ட ஒடசலான ஒரு கேம்ல இவ்ளோ நல்ல ஒரு யோசன இருந்து நான் பாத்தது இல்ல. கேமோட பேர இங்க போடல. எங்கயோ ஒரு ஊர்ல ஒரே ஆளு தனியா உக்காந்து செஞ்சது, இன்னும் அத சரி பண்ணிகினே இருக்காரு, நான் கீழ சொல்லப்போற குறையெல்லாம் அடுத்து அவரு விடற பேட்ச்லயே, அதாவது திருத்தத்துலயே போயிடலாம், ஆனா பேரோட எழுதி வெச்சா தேடறவங்க கண்ணுல அது மட்டும் தான் வருஷக்கணக்கா பட்டுகினு இருக்கும். அது நியாயம் இல்ல.

கத பெருசா ஒண்ணும் கெடையாது. மழ பேயாத ஒரு ஊரு, தவள மாதிரி ஒரு சின்ன உருவம், அது தலைல ஒரு பக்கெட்டு. ஒவ்வொரு லெவல்லயும் எங்கயாவது ஒரு மூலைல தண்ணி இருக்கும், அத ரொப்பிகினு போய் கடைசில காஞ்சு கெடக்கற செடிக்கு ஊத்தணும், ஊத்தனா கதவு தொறக்கும். பக்கெட்டுல ஓட்ட இருக்கு, நின்னாலும் சொட்டும் நடந்தாலும் சொட்டும், ஒசரத்துலேர்ந்து குதிச்சா தளும்பி கொட்டும். இதுவரைக்கும் யாரு வேணா யோசிப்பாங்க. இவரு யோசிச்சது என்னன்னா, பக்கெட்டு நெறைய இருந்தா கனம், அதனால தவள பாதி ஒசரம் தான் குதிக்கும். தண்ணி கொறைய கொறைய குதி ஏறிகினே போகும், காலி பக்கெட்டோட குதிச்சா ஸ்க்ரீன்ல பாதிக்கு போயிடும். உனக்கு எது வேணுமோ அதே தான் உன் கால பிடிச்சு இழுக்குது, எது உன்ன பறக்க விடுதோ அது உன்கிட்ட ஒண்ணும் இல்லாதப்ப தான் வருது. ஒரு பிளாட்ஃபார்மருக்கு இதவிட நல்ல ஒரு விதிய நான் ரொம்ப நாளா பாக்கல.

எனக்கு இந்த வகை கேம் மேல ஆச வந்ததுக்கு டிவி கேம் தான் காரணம். 90கள்ல வேலூர்ல பசங்க கைல இருந்தது எல்லாம் அந்த மஞ்ச கலர் கேசட்டு தான், மேல ஏதோ ஆயிரக்கணக்குல கேம் இருக்குன்னு போட்டிருப்பான், உள்ள போனா அதே மாரியோ அதே கான்ட்ரா கலர் மாத்தி மாத்தி வரும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985ல வந்தது. அதுல பட்டன லேசா தட்டனா சின்ன குதி, அமுக்கி பிடிச்சா பெரிய குதி, அத யாரும் சொல்லிக் கொடுக்கல, வேலப்பாடி தெருப் பசங்க எல்லாரும் கையாலயே கத்துகினோம். 1986ல வந்த அட்வென்ச்சர் ஐலண்டும் அந்த கேசட்டுங்கள்ல இருக்கும், தொப்பி போட்ட ஆளு பழம் பொறுக்கிகினே ஓடுவான், மேல ஒரு கோடு கொறைஞ்சுகினே வரும், பழம் எடுக்கலன்னா சும்மா நடந்துகினு இருந்தா கூட செத்துடுவான். நிக்க விடாத கேம் அது. இந்த பக்கெட்டு கேம பாத்த ஒடனே எனக்கு அந்த கோடு தான் ஞாபகம் வந்தது, ஆனா இதுல கொறையறது உயிரு இல்ல சுமை, அதனால கொறையும்போது ஒரு பக்கம் பதறுது ஒரு பக்கம் நிம்மதியா இருக்கு, ரெண்டும் ஒண்ணா வர்றது தான் இந்த கேமோட ருசியே.

சரி, குறைக்கு வரேன். குறைன்னா சும்மா இல்ல, நெறைய.

முதல்ல விளிம்பு. பிளாட்ஃபார்மர் ஆடற யாரா இருந்தாலும் மேடையோட விளிம்பு வரைக்கும் ஓடி கடைசி நொடில தான் குதிப்பாங்க, அப்ப கண்ணுக்கும் கைக்கும் நடுவுல ஒரு சின்ன தாமதம் இருக்கும், கால் விளிம்ப தாண்டினதுக்கு அப்புறம் தான் பட்டன் விழும். நல்ல கேம்ல இத மன்னிச்சு விட்டுடுவாங்க. 2018ல வந்த செலஸ்ட் கேம செஞ்சவங்க அந்த கேரக்டரோட ப்ரோக்ராம எல்லாரும் பாக்கற மாதிரி வெளியவே போட்டிருக்காங்க, அதுல தரைய விட்டு வெளிய வந்த அப்புறமும் 0.1 செகண்ட் வரைக்கும் குதிக்கலாம்னு எழுதி இருக்கு. ஃப்ரேம்னா திரைல மாறி மாறி வர்ற ஒவ்வொரு படம், செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடற கேம்ல அது 6 ஃப்ரேம். அது மட்டுமா, குதிச்சு மேல போகும்போது தல ஒரு மூலைல லேசா இடிச்சா 4 பிக்சல் வரைக்கும் பக்கத்துல நகத்தி விட்டு மேல போக விடுது, குதியோட உச்சில பட்டன பிடிச்சிகினே இருந்தா புவியீர்ப்ப பாதியாக்கி கொஞ்சம் மெதக்க விடுது. ஆடறவனுக்கு இதெல்லாம் நடக்கறதே தெரியாது, நம்ம கை நல்லா இருக்குன்னு தான் தோணும். பக்கெட்டு கேம்ல இது எதுவுமே கெடையாது. விளிம்ப ஒரு ஃப்ரேம் தாண்டிட்டீங்கன்னா பட்டன் வேல செய்யாது, தவள அப்படியே கீழ போகும். அக்கா பையன் லீவுக்கு குடியாத்தத்துலேர்ந்து வந்திருந்தான், அவன் தான் முதல் நாளே சொன்னான், "மாமா, நான் அமுக்கறேன், அது குதிக்கவே மாட்டேங்குது, கீபோர்டு போயிருச்சா பாரு"னு. கீபோர்டு நல்லா தான் இருந்தது.

அப்புறம் தரை. சமமான தரைல, ஒரு மேடு பள்ளம் இல்லாத எடத்துல, தவள ஓடிகினே இருக்கும்போது திடீர்னு கால் தட்டி நிக்கும், பக்கெட்டு தளும்பும், கால்வாசி தண்ணி போயிடும். என்னடா இதுனு பாத்தா ரெண்டு டைல் சேர்ற எடத்துல மட்டும் இது நடக்குது. இது பழைய வியாதி. தரை ஒரே நீளமா நம்ம கண்ணுக்கு தெரியும், கம்ப்யூட்டருக்கு அது பக்கத்துல பக்கத்துல அடுக்குன தனித்தனி பெட்டி, மேல ஓடற உருவம் லேசா தரைக்குள்ள அமுங்கும்போது அடுத்த பெட்டியோட பக்கச் சுவர்ல முட்டின மாதிரி கணக்கு வந்துடும். நெறைய 2டி கேம் பாக்ஸ்2டின்ற ஃபிசிக்ஸ் லைப்ரரிய, அதாவது மோதறது விழறத எல்லாம் கணக்கு போட்டு கொடுக்கற ரெடிமேட் ப்ரோக்ராம, வெச்சு தான் ஓடுது, எரின் கேட்டோன்றவர் எழுதினது, இந்த முட்டல பத்தி அவரே விளக்கி எழுதி வழியும் சொல்லி இருக்காரு. யூனிட்டின்னு கேம் செய்யறதுக்கான சாஃப்ட்வேர்ல பெட்டி எல்லாத்தையும் ஒட்டி ஒரே கோடா ஆக்கறதுக்கு தனியா ஒரு காம்பொனென்ட்டே இருக்கு. இந்த கேமும் யூனிட்டி தான், ஆரம்பத்துல லோகோ வருது. தனி ஆளு எல்லாத்தையும் தானே பண்ணும்போது இது கண்ணுல படாம போறது எனக்கு புரியுது, ஆனா வேற எந்த கேம்ல இருந்தாலும் பரவால்ல, தட்டனா தண்ணி கொட்டற கேம்ல இது இருக்கவே கூடாது. தளும்பாம போறது தான் ஆட்டமே, அதுல நம்ம மேல தப்பு இல்லாம தண்ணி கொட்டனா எரிச்சல் வராம இருக்குமா.

செக்பாயிண்ட், அதாவது செத்தா திரும்ப ஆரம்பிக்கற எடம், அத பத்தி ஒரு வரி சொல்லிட்டு விட்டுடறேன்: பக்கெட்டு காலியா இருக்கும்போது செக்பாயிண்ட தொட்டா காலியாவே சேவ் ஆகுது, தண்ணி பின்னாடி ரெண்டு ஸ்க்ரீன் தள்ளி இருக்கு.

இவ்ளோ இருந்தும் நான் ஏன் விடலன்னா அதுக்கு கெணறு லெவல் தான் காரணம், அதுக்கு வரேன், அதுக்கு முன்னாடி கரண்ட் போன கத.

மே மாசம் வேலூர்ல எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டாம். வெயில் நூற தாண்டிடும், மத்தியானம் கோட்ட பக்கம் கூட ஆள் நடமாட்டம் இருக்காது, வீட்டுல எல்லாரும் கதவ சாத்திட்டு ஃபேனுக்கு அடில கெடப்போம், அப்ப பாத்து கரண்ட் போகும். பையன் கெணறு லெவல்ல மாட்டிகினு இருந்தான், எத்தன தடவ ஏறனாலும் மேல வர்றதுக்குள்ள தண்ணி தீந்துடும். கரண்ட் போச்சு, லேப்டாப் பேட்டரிக்கு மாறிச்சு, ஸ்க்ரீன் லேசா மங்கலாச்சு, படம் கொஞ்சம் வெட்டி வெட்டி ஓடற மாதிரி இருந்தது, அவன் பாட்டுக்கு ஆடிகினே இருந்தான், லெவல முடிச்சுட்டான். நான் கூட பாராட்டினேன். கரண்ட் வந்த அப்புறம் எனக்கு காட்டறேன்னு திரும்ப அதே லெவல எடுத்தான், முடியல. திரும்பவும் முடியல. கொஞ்ச நேரம் பேசாம ஸ்க்ரீனயே பாத்துகினு இருந்தவன் சொன்னான், "மாமா, கரண்ட் இருந்தா தண்ணி சீக்கிரம் தீருது."

ஆறாவது படிக்கற பையன். நான் அத சும்மா விடல, செல்ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் எடுத்து வெச்சுகினு பக்கெட்ட ரொப்பி தவளைய ஒரே எடத்துல நிக்க வெச்சு பாத்தேன். சார்ஜர் போட்டிருந்தா பக்கெட்டு காலியாக ஒரு நிமிஷம். சார்ஜர எடுத்துட்டு பேட்டரி சேவர் போட்டா ரெண்டு நிமிஷம். அவன் சொன்னது அப்படியே சரி. என் லேப்டாப் சார்ஜர்ல இருக்கும்போது கேம் 60 ஃப்ரேம்ல ஓடுது, பேட்டரில 30க்கு எறங்கிடுது, தண்ணி சொட்டறத அந்தாளு செகண்டுக்கு இவ்ளோன்னு எழுதாம ஃப்ரேமுக்கு இவ்ளோன்னு எழுதிட்டாரு. ஓடறது குதிக்கறது எல்லாம் நேரக் கணக்குல சரியா இருக்கு, அதனால தவளையோட வேகம் மாறல, தண்ணி மட்டும் ஃப்ரேம் கணக்குல போகுது. யூனிட்டில அப்டேட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு தடவ ஓடும், அதுக்குள்ள எத கொறச்சாலும் டெல்டா டைம்னு ஒண்ணால பெருக்கணும், அதாவது போன ஃப்ரேமுக்கும் இந்த ஃப்ரேமுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் போச்சோ அதால. ஒரு எடத்துல அந்த பெருக்கல் விட்டு போனா போதும், கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் கேம் வேற வேற ஆயிடும்.

அப்படின்னா வேகமான கம்ப்யூட்டர்ல என்ன ஆகும்? சத்துவாச்சாரில ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்டுல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது செகண்டுக்கு 144 ஃப்ரேம் காட்டறது, இருக்கு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பையனையும் பின்னாடி உக்கார வெச்சுகினு வண்டில போய்ட்டோம். அவன் பெரிய பெரிய கேம் எல்லாம் ஆடறவன், "இன்னா மச்சி, இத காட்டவா இவ்ளோ தூரம் வந்த"னு தான் முதல்ல கேட்டான். கணக்குப்படி 25 செகண்டுல காலியாகணும், ஸ்டாப்வாட்ச் போட்டோம், 25 செகண்டு. அவனும் நிமிந்து உக்காந்துட்டான். நல்ல காசு போட்டு நல்ல மெஷின் வாங்கி வெச்சிருக்கறவனால கெணறு லெவல முடிக்கவே முடியாது, பேட்டரி தேஞ்சு போன என் பழைய லேப்டாப்புல பொறுமையா முடிக்கலாம். விண்டோஸ்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய் மானிட்டர 60 ஹெர்ட்ஸுக்கு மாத்தினோம், கேம் விசின்க்ல, அதாவது மானிட்டர் வேகத்துக்கு ஒத்து ஓடறதால அதுவும் 60க்கு வந்துடுச்சு, தண்ணி ஒழுங்கா சொட்டுச்சு.

இது ஒத்த ஆளு பண்ற தப்புன்னு மட்டும் நெனச்சுடாதீங்க. 2014ல வந்த டார்க் சோல்ஸ் 2, பெரிய கம்பெனி பெரிய டீம், அதோட கம்ப்யூட்டர் வெர்ஷன் 60 ஃப்ரேம்ல ஓடறதால கத்தி தேயறது ரெண்டு மடங்கு வேகமா தேஞ்சது, 30 ஃப்ரேம் கன்சோல்ல அந்த தொல்ல இல்ல. அடுத்த வருஷம் தான் அத சரி பண்ணாங்க. இன்னும் பின்னாடி போனா 1978ல ஸ்பேஸ் இன்வேடர்ஸ். அதுல ஒவ்வொண்ணா சுட சுட மிச்சம் இருக்கறது வேகமா வரும்ல, அது யாரும் அப்படி வரணும்னு ஆரம்பத்துல நெனச்சது இல்ல, திரைல வரைய வேண்டிய உருவம் கொறைய கொறைய அந்த சிப்புக்கு வேல கொறைஞ்சு தானா வேகம் எடுத்தது, செஞ்ச நிஷிகாடோ அது நல்லா இருக்குன்னு அப்படியே விட்டுட்டாரு. மெஷினோட வேகம் ஆட்டத்துக்குள்ள கசியறது அந்தக் காலத்துலேர்ந்து இருக்கற விஷயம், சில நேரம் அதுலேர்ந்து நல்லதும் வந்திருக்கு. இந்த கேம்ல அது நல்லது இல்ல, ஏன்னா இங்க ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு போட்டு லெவல் கட்டி வெச்சிருக்காரு.

இப்ப கெணறு.

லெவல் மேலேருந்து ஆரம்பிக்குது. தவள காலி பக்கெட்டோட ஒரு பெரிய கெணத்து விளிம்புல நிக்கும், உள்ள பாதி இடிஞ்ச படிங்க, சுவர்ல அங்கங்க நீட்டிகினு இருக்கற கல்லு. காலி பக்கெட்டுன்றதால எறங்கறது சும்மா, இங்கேருந்து அங்க தாவி தாவி போய்டலாம், வழில மூணு கல்லுல சின்ன குழி இருக்கும், குழிக்குள்ள ஒரு காஞ்ச வேரு. எறங்கும்போது யாரும் அத கவனிக்க மாட்டாங்க, கவனிக்கவும் தேவ இல்ல. கீழ போய் பக்கெட்ட ரொப்பறீங்க. திரும்பி குதிச்சா முதல் கல்லு கூட எட்டல. வரும்போது சாதாரணமா தாண்டின அதே வழி இப்ப சுவரா நிக்குது. லெவல்ல ஒரு கல்லு கூட நகரல, உங்க பக்கெட்டுல தண்ணி இருக்கு, அவ்ளோ தான் வித்தியாசம்.

அப்ப தான் அந்த குழி ஞாபகம் வருது. முதல் குழி கீழயே கைக்கு எட்டற எடத்துல இருக்கு. அதுல ஊத்தனா வேரு துளிர்த்து ஒரு கொடி மேல ஏறி அதுல ஒரு எல விரியும், அது மேல நிக்கலாம். பக்கெட்டுக்குள்ள தண்ணிக்கு நாலு கோடு வரைஞ்சிருப்பாரு, ஒரு தடவ ஊத்தனா ஒரு கோடு போகும். போனதும் நீங்க கொஞ்சம் லேசாகறீங்க, குதி கொஞ்சம் ஏறுது. அதாவது ஊத்தறதால ரெண்டு ஒதவி, ஒண்ணு காலுக்கு கீழ எல, இன்னொண்ணு கொறைஞ்ச கனம். மேல கதவு பக்கத்துல இருக்கற செடிக்கு ஒரு கோடாவது தண்ணி வேணும். நாலுல மூணு குழிக்கு மூணு, செடிக்கு ஒண்ணு, சரியா போச்சேன்னு தோணும், அங்க தான் அந்த ஆள் நம்மள பிடிக்கிறாரு, ஏன்னா ஓட்ட இருக்கு, ஏறற நேரத்துல சொட்டறது யார் கணக்கு? மூணு குழிலயும் ஊத்தனா மேல வரும்போது ஒரு கோடு இருக்காது, அர கோடு தான் இருக்கும். அதனால ஒரு குழிய விட்டுட்டு ஏறணும். எத விடறது? நடுவுல இருக்கறத விட்டா கொஞ்ச நேரம் மிச்சமாகும் ஆனா ஒரு குதி ரொம்ப ஒட்டி வரும், ரெண்டு கோடு சொட்டி கொஞ்சம் லேசானதுக்கு அப்புறம் தான் அந்த குதி எட்டும், அதுக்காக கல்லு மேல நின்னு தண்ணி சொட்டற வரைக்கும் காத்திருக்கணும். காத்திருந்தா மேல செடிக்கு பத்தாது. கடைசி குழிய விட்டா குதி எட்டும் ஆனா தளும்பற மாதிரி ஒசரத்துலேர்ந்து எறங்கணும்.

பையனும் நானும் ஒரு பேப்பர்ல கெணத்த வரைஞ்சு கோடு போட்டு கணக்கு பாத்தோம். 60 ஃப்ரேம்ல ஒரு கோடு சொட்ட 15 செகண்டு, ரெண்டு குழிக்கு ரெண்டு கோடு, செடிக்கு ஒரு கோடு, ஆக வழிச்செலவுக்கு ஒரே ஒரு கோடு, 15 செகண்டு தான். அதுக்குள்ள கெணத்துலேர்ந்து வெளிய வந்து செடிய தொடணும். இந்த 15 செகண்ட அந்தாளு அளந்து அளந்து வெச்சிருக்காரு, ஒரு குதி கூட வீணாக்காம போனா தான் வரும், அந்த அளவு தான் 144ல ஆறு செகண்டா சுருங்கி ஒண்ணும் இல்லாம போகுது, பேட்டரில அரை நிமிஷமா நீண்டு ரெண்டு மூணு குதி வீணானாலும் ஜெயிக்கற மாதிரி ஆகுது. ரெண்டுமே அவரு செஞ்ச லெவல் இல்ல. 60ல ஆடினா மட்டும் தான் அவரு மனசுல இருந்தது என்னன்னு தெரியுது.

எங்க அம்மா பின்னாடி கட்டில்ல உக்காந்து பூ கட்டிகினே பாத்துகினு இருந்தாங்க. அவங்களுக்கு கேம்ல எந்த ஆர்வமும் கெடையாது, ஆனா தண்ணி தூக்கறது தெரியும், கல்யாணம் ஆகி வந்த புதுசுல தெருக்கோடி அடி பம்புலேருந்து கொடம் கொடமா எடுத்து வந்தவங்க, பாலாறு பக்கத்துலயே இருக்கு, 2021 நவம்பர் மாதிரி ரெண்டு கரையும் தொட்டு ஓடினத விட மணலா கெடந்தத தான் நாங்க அதிகம் பாத்திருக்கோம். அம்மா சொன்னாங்க, "இன்னாடா அது, ரொப்பிகினு திறந்த மேனிக்கு ஓடுது, ரெண்டு எலய கிள்ளி மேல போட்டுக்க சொல்லு, தளும்பாது."

நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அடுத்த ஒலகத்துல, அதாவது மூணாவது செட் லெவல் ஆரம்பத்துல, ஒரு கொளத்துல தவள ஒரு எலய எடுத்து பக்கெட்டுக்குள்ள போட்டுக்குது. அதுக்கு அப்புறம் குதிச்சு எறங்கனா தளும்பறது பாதியா கொறையுது. சொட்டறது அப்படியே தான் இருக்கு, ஓட்ட ஓட்ட தானே, தளும்பல் மட்டும் அடங்குது. பையன் திரும்பி "ஆயா, நீ சொன்ன மாதிரியே போட்டுச்சு!"ன்னு கத்தினான். அந்த கேம செஞ்சவரு எங்க பொறந்தாரோ, அவங்க வீட்டுலயும் யாரோ தண்ணி தூக்கி இருக்காங்க, இல்லன்னா இது தோணாது. இந்த மாதிரி ஒரு எடம் தான் எனக்கு ஒரு கேம் மேல மரியாதைய கொண்டு வருது, பெரிய பட்ஜெட் கேம்ல ஆயிரம் பேர் சேந்து தண்ணி எப்படி மின்னும்னு வரைவாங்க, தண்ணிய தூக்கினா எப்படி இருக்கும்னு இவரு ஒருத்தர் யோசிச்சிருக்காரு. சொட்டு விழுந்த எடத்துல தரை கருத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, அப்புறம் வெளுத்து காயும். அதுக்கு ஆட்டத்துல எந்த பயனும் இல்லன்னு தான் முதல்ல நெனச்சேன், அப்புறம் ஒரு இருட்டு லெவல்ல நாம வந்த வழிய கண்டு பிடிக்க அந்த ஈரக் கற மட்டும் தான் இருக்கு, காயறதுக்குள்ள திரும்பி வரணும்.

காசு விஷயம். ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடி இருந்தா ரீஃபண்ட் கேக்கலாம், கொடுத்துடுவாங்க. முதல் ரெண்டு மணி நேரத்துல இந்த கேம்ல பாக்கறது எல்லாம் விளிம்புல விழறதும் டைல்ல தட்டறதும் தான், கெணறு அதுக்கு அப்புறம் தான் வருது. அங்க தான் நெறைய பேரு திருப்பி கொடுத்துட்டு போயிருப்பாங்க, அவங்கள கொற சொல்ல மாட்டேன். 89 ரூபால ஜிஎஸ்டி 18 சதவீதம் போனா எழுவத்தஞ்சு, அதுல ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கும், மிச்சம் ஐம்பத்து சொச்சம் தான் அந்தாளுக்கு போகும், அதுலயும் அவங்க ஊர் வரி. அந்த கடைல கேம வைக்கறதுக்கே ஒவ்வொரு கேமுக்கும் முன்னாடி 100 டாலர் கட்டணும், 2017லேர்ந்து அப்படி, கேம் 1000 டாலருக்கு வித்தா தான் அது திரும்ப வரும். கேவ் ஸ்டோரின்ற பிளாட்ஃபார்மர டைசுகே அமாயா ஒத்த ஆளா அஞ்சு வருஷம் ஓய்வு நேரத்துல செஞ்சு 2004ல இனாமா விட்டாரு, இன்னைக்கும் பிளாட்ஃபார்மர் செய்யற எல்லாரும் அத பேசறாங்க. சூப்பர் மீட் பாய் 2010ல வந்தப்போ அதுக்கு பின்னாடி முக்கியமா ரெண்டே பேரு, மெக்மில்லனும் ரெஃபனஸும், அந்த குதி இன்னைக்கு ஆடினாலும் கைல ஒட்டும். ஒத்த ஆளு, ரெண்டு ஆளு செஞ்சா ஓட்டயா தான் இருக்கும்னு இல்ல. ஆனா குதிய மெருகேத்தறதுக்கு தனியா காலம் வேணும், இவரு அந்த காலத்த எல்லாம் லெவலுக்கு கொடுத்துட்டாரு. என்ன கேட்டா எனக்கு மெருகு ஏறின சாதாரண லெவலவிட ஓட்ட கேம்ல இருக்கற இந்த கெணறு மேல். அதுக்காக விளிம்புல விழறத பொறுத்துக்க சொல்ல மாட்டேன், அது சரி பண்ணியே ஆகணும், ஆறு ஃப்ரேம் மன்னிப்பு கொடுத்தா கெணறோட கணக்கு ஒண்ணும் கெட்டுடாது.

கடைசி பாஸ் ஃபைட்டு, அதாவது பெரிய எதிரியோட வர்ற சண்ட, நல்லா இல்ல. ஒரு பெரிய சூரியன் வருது, அது மேல தண்ணி எறியணும், மூணு தடவ எறிஞ்சா முடிஞ்சுது. கனம் குதி எதுவுமே அங்க பயன்படல, வேற ஏதோ கேம்லேர்ந்து எடுத்து ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு.

எல்லாத்தையும் அவருக்கு மெயில் எழுதினேன், தண்ணி சொட்டற விஷயத்த ஸ்டாப்வாட்ச் கணக்கோட, 30ல எவ்ளோ 60ல எவ்ளோ 144ல எவ்ளோன்னு. கண்டுபிடிச்சது பையன்னும் எழுதினேன். ரெண்டு நாள்ல பதில் வந்தது. அவரு முழுக்க ஒரு பழைய 60 ஹெர்ட்ஸ் லேப்டாப்லயே செஞ்சு அதுலயே ஆடி பாத்திருக்காரு, அதனால அவரு கண்ணுல இது வந்ததே இல்லயாம். கெணறு ரொம்ப கஷ்டமா இருக்கு, முடியவே இல்லன்னு சில பேரு எழுதினத பாத்து, தான் தான் லெவல தப்பா கட்டிட்டோம்னு நெனச்சு அத ஈசியாக்கறதுக்கு இன்னொரு கல்லு வைக்கலாம்னு இருந்தாராம். அத படிச்சதும் எனக்கு பகீர்னு ஆச்சு. தயவு செஞ்சு கல்ல வைக்காதீங்க, கெணறு சரியா இருக்கு, 60ல இருக்கற வேகத்த செகண்டு கணக்குல மாத்துங்க போதும்னு அன்னைக்கே பதில் போட்டேன்.

பையன் குடியாத்தம் கெளம்பறதுக்கு முன்னாடி அத படிச்சு காட்ட சொன்னான். 60ன்னு எழுதினது அவனுக்கு பிடிக்கல, 30 தான் நல்லா இருந்தது, சின்ன பசங்க எல்லாம் எப்படி முடிப்பாங்கன்னு கேட்டான். மெனுல மெதுவா சொட்டற பக்கெட்டுனு ஒரு ஆப்ஷன் வெச்சா என்னன்னு அவனே யோசன சொன்னான், அதையும் சேத்து அனுப்பி இருக்கேன். பேட்ச் இன்னும் வரல. இந்த மாதிரி சின்ன கேம் ஏதாவது வாங்கி, ஒரு லெவல் முடியவே முடியாதுன்னு தோணிச்சுன்னா, மானிட்டர 60 ஹெர்ட்ஸுக்கு மாத்தி ஒரு தடவ ஆடி பாருங்க, அப்புறம் ரீஃபண்ட் கேக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.